கொல்லன் பட்டறையில் ஒரு முகூர்த்தம்



தை பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே விசாரணைதான். எந்த மண்டபம், எத்தனை ரூம், ஏசி உண்டா, ஜெனரேட்டர் வாடகை தனியா? இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. மண்டபமே வேண்டாம், மகாபலிபுரம் ரிசார்ட்டிலோ உதய்ப்பூர் அரண்மனையிலோ வைத்துக்கொண்டால் என்ன? இதற்கு டெஸ்டினேஷன் வெட்டிங் என்று பெயர். நம்மில் மூத்தவர்கள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள், நேற்று முளைத்த ஆடம்பரம் என்று. ஆனால் கல்யாணத்துக்காகவே வெளியூர் போகும் வழக்கத்துக்கு 250 வருஷத்துக்கு மேல் வயது. அப்படிப் பெயர் வாங்கிய ஊர் ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீன் என்ற சின்னக் கிராமம். அங்கே கடலும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஜோடிகள் அதைத் தேடிப் போனதற்குக் காரணம் சட்டம்.

கதை லண்டனில் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே பாதிரியார் ஒருவர் முன்னால் சம்மதம் சொல்லிவிட்டால் போதும், கல்யாணம் செல்லும். ஃப்ளீட் என்ற கடனாளிச் சிறையைச் சுற்றிய மதுக்கடைகளில் இது ஒரு வியாபாரமாகவே நடந்தது. கடனில் மாட்டிய பாதிரியார்கள் சில்லறைக் கட்டணத்துக்கு அங்கேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். கேட்டுக்கொண்டால் பதிவேட்டில் முன் தேதி போட்டுக் கொடுத்ததும் உண்டு. வங்கியில் லெட்ஜரோடு காலம் தள்ளிய எனக்கு, மற்றதையெல்லாம் விட இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. தேதி மாறினால் வாரிசு மாறும், சொத்து மாறும்.

பணக்காரக் குடும்பங்கள் பயந்தன. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் 1753-இல் நிறைவேறி, 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. கல்யாணம் தேவாலயத்தில் நடக்க வேண்டும். ஒன்று லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஞாயிறு அறிவிப்புச் செய்ய வேண்டும். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'ஓலை வாசிப்பது' என்பார்களே, அதுதான். பதிவேட்டில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். 21 வயது நிரம்பாதவர்கள் லைசென்ஸ் வாங்கப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். விதியை மீறும் பாதிரியாருக்கு 14 வருஷம் நாடுகடத்தல்.

ஒரே ஓட்டை, இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே பழைய வழக்கம் அப்படியே நின்றது. பெண்ணுக்கு 12, பையனுக்கு 14 வயது ஆகியிருந்தால் போதும். சாட்சிகள் முன்னால் 'நாங்கள் கணவன் மனைவி' என்று இருவரும் சொல்லிவிட்டால் சட்டப்படி தம்பதி. தேவாலயமும் வேண்டாம், அப்பா அம்மா சம்மதமும் வேண்டாம். லண்டனிலிருந்து வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் குதிரை வண்டியில் போய் எல்லையைத் தாண்டினால் வருகிற முதல் ஊர்களில் ஒன்று கிரெட்னா. சாலையோரத்தில் கண்ணில் பட்டது கொல்லர் பட்டறை. பட்டடைக் கல் மேல் சம்மட்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டி 'முடிந்தது கல்யாணம்' என்று அறிவிக்கும் பழக்கம் இப்படித்தான் பெயர் பெற்றது. அவர்களைக் 'கொல்லப் பாதிரியார்' என்று ஊர் அழைத்தது. எல்லோரும் கொல்லர்கள் அல்ல. யார் வேண்டுமானாலும் செய்து வைக்கலாம் என்பதால் போட்டி பலமாக இருந்தது.

போட்டி இருந்தால் கமிஷன் வராமல் இருக்குமா? வண்டியோட்டிகள் தங்களுக்குப் பங்கு தருகிற 'பாதிரியார்' இருக்கும் விடுதிக்கே ஜோடியைக் கொண்டுபோய் இறக்குவார்கள். வண்டியின் பகட்டைப் பார்த்துக் கட்டணம் ஏறும். 'எங்கள் சமையல்காரர்தான், எங்கள் டெக்கரேஷன்தான்' என்று இன்று மண்டபத்தில் கறாராகச் சொல்கிறார்களே, அதற்கு ஆதி அங்கேயே இருக்கிறது.

1782-இல் அந்தச் சாலையில் பறந்த ஜோடி ஒன்று என் தொழிலுக்கு ரொம்ப நெருங்கியது. லண்டன் ஃப்ளீட் தெருவில் இருந்த சைல்ட் அண்ட் கோ என்ற பழம்பெரும் வங்கியின் முதலாளி ராபர்ட் சைல்ட். அவருக்கு ஒரே மகள், சாரா, வயது 17. வெஸ்ட்மர்லண்ட் பிரபுவான ஜான் ஃபேன் பெண் கேட்டார், அப்பா மறுத்தார். இருவரும் கிரெட்னாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பா ஆட்களோடு துரத்தினார். வழியில் குதிரை ஒன்று சுடப்பட்டது என்றும் கதை உண்டு. கல்யாணம் நடந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், ராபர்ட் சைல்ட் காலமானார். ஆனால் உயிலில் கணக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் போனார். வெஸ்ட்மர்லண்ட் பட்டத்துக்கு வாரிசாகும் பேரனுக்குச் சொத்து போகாதபடி எழுதிவைத்தார். அதனால் மொத்தமும் பேத்தி சாரா சோஃபியாவுக்கு வந்தது. 1806-இல் வங்கியின் மூத்த பங்குதாரரான அந்த அம்மாள், 1867-இல் இறக்கும் வரை, 61 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் வங்கியின் தலைமையில்! வேடிக்கை என்னவென்றால், 1845-இல் அவருடைய சொந்த மகள் அடீலா, கேப்டன் ஒருவரோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட இடமும் கிரெட்னா கிரீன்தான். பாட்டி போன வழி.

இதையெல்லாம் காதல் கதையாக ரசிக்கலாம். அடுத்ததை அப்படி ரசிக்க முடியாது. 1826-இல் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர், லிவர்பூல் விடுதிப் பள்ளியில் படித்த எலன் டர்னர் என்ற 15 வயதுப் பெண்ணை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்க் கடிதம் காட்டி அழைத்துப் போனார். பெண் பெரிய ஆலை முதலாளியின் மகள். வழியில் அடுத்த பொய்: வங்கி திவாலாகி உன் அப்பா கடனில் மூழ்கிவிட்டார், நீ என்னைக் கட்டிக்கொண்டால்தான் அவர் தப்பிப்பார். அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தக் குழந்தை கிரெட்னாவில் 'சம்மதம்' என்றது. முகம் தெரிந்த ஒரு மனிதர் அங்கே இருந்திருந்தால் அந்தப் பொய் ஐந்து நிமிஷம் தாங்காது. வேக்ஃபீல்டுக்கு மூன்று வருஷச் சிறை கிடைத்தது. கல்யாணத்தை ரத்து செய்ய நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. எலன் பிறகு வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டு, 19 வயதில் பிரசவத்தில் இறந்துபோனாள். வேக்ஃபீல்டோ, நியூசிலாந்துக் குடியேற்றத்தின் பெரிய புள்ளிகளில் ஒருவராகச் சரித்திரத்தில் இடம்பிடித்தார்.

1856-இல் ஒரு கடிவாளம் வந்தது: ஜோடியில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும். மூன்று வாரத்தில் அப்பா வந்து சேர்ந்துவிடுவாரே! 1940 ஜூலையோடு பட்டறைக் கல்யாணமே சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பெயர் ஒழியவில்லை. 2002-இல் பதிவு அலுவலகத்துக்கு வெளியேயும் பதிவாளர் கல்யாணம் நடத்திவைக்க ஸ்காட்லாந்து வழிசெய்தது. இன்றைக்கும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான ஜோடிகள், பெற்றோரைக் கூட அழைத்துக்கொண்டு, அந்தப் பட்டடைக் கல்லைத் தேடிப் போகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் இருக்கிறது. 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தின்படி, உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ இந்துத் திருமணம் செல்லும். புரோகிதர் கட்டாயமில்லை. 1954-ஆம் வருஷ சிறப்புத் திருமணச் சட்டமோ கிரெட்னாவின் 21 நாளைப் போலவே ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஜோடியில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அதன்பின் நோட்டீஸ் கொடுத்து இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அது காலாவதி. பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் அதில் உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தினால், நியாயமான தூரத்துக்குள் நீங்கள் கேட்கும் இடத்திலேயே அதிகாரி முன்னிலையில் கல்யாணத்தை நடத்தலாம்.

மகாபலிபுரமானால், தமிழ்நாட்டுக்குள் நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் 2009-ஆம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் அபராதத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். உதய்ப்பூரானால், ரிசார்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்பே அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று விசாரித்து வையுங்கள். பாலி, தாய்லாந்து என்று போகிறவர்களுக்கு 1969-ஆம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதிலும் அந்தப் பகுதியில் 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மூன்று நாள் பேக்கேஜுக்கு அது ஒத்துவராது, பதிவை இங்கேயே முடித்துவிட்டு விமானம் ஏறுவதுதான் சுலபம்.