யாப் பௌ மெங்கும் மூன்று சொற்களும்

'அமோக்', 'லாத்தா' என்னும் மலாய்ச் சொற்கள் இந்நாட்டில் வாழும் தமிழர்க்கும் புதியன அல்ல. வெறிகொண்டு கண்ணிற் பட்டோரையெல்லாம் தாக்குவது அமோக். திடுக்கிட்ட அளவில் தன்வயமிழந்து, எதிரே நிற்பவரின் சொல்லையும் செயலையும் அப்படியே திருப்பிச் செய்வது லாத்தா. கம்பத்துப் பேச்சில் வழங்கிய இச்சொற்கள் உலக உளமருத்துவ நூல்களில் இடம்பெற்ற வரலாறு ஆராயத்தக்கது.

சிங்கப்பூரின் மனநோய் இல்லத்தில் கண்காணிப்பாளராக இருந்த கில்மோர் எல்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அமோக் பற்றி 1893ஆம் ஆண்டிலும், லாத்தா பற்றி 1897ஆம் ஆண்டிலும் எழுதினார். இரண்டும் இங்கிலாந்தின் 'உளவியல் அறிவியல் ஏடு' என்னும் இதழில் வெளிவந்தன. லாத்தாவை மலாய்க்காரரின் மனநோய் என அவர் தலைப்பிலேயே குறித்தார். தலைப்பே தீர்ப்பாகிவிட்டது என்றால் மிகையன்று.

அரை நூற்றாண்டு சென்றபின், 1951இல், அதே ஏட்டில் மற்றொரு கட்டுரை வந்தது. எழுதியவர் மலாயாவைச் சேர்ந்த சீனர். கேம்பிரிட்ஜில் பயின்று, ஹாங்காங்கில் அரசு உளமருத்துவராகப் பணியேற்ற யாப் பௌ மெங் (1921–1971). சில பண்பாடுகளுக்கே உரியனவாகக் கூறப்படும் மனநோய்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்தது அக்கட்டுரை. அடுத்த ஆண்டே, 1952இல், லாத்தா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஐம்பது பக்கங்கள் எழுதினார். மருத்துவ ஏடொன்று ஒரு கிராமத்துச் சொல்லுக்கு ஐம்பது பக்கம் ஒதுக்குவது எளிதில் நிகழ்வதன்று! ஜப்பானின் வடபுலத்து ஐனு மக்களிடையே 'இமு' என்றும், சைபீரியாவிலும் அமெரிக்காவின் மெய்ன் காடுகளிலும் வேறு பெயர்களாலும் வழங்கும் நிலைகளை லாத்தாவுடன் அவர் ஒப்புநோக்கினார். அச்சத்திற்கு மனித மனம் தரும் எதிர்வினையே இது. அதன் வடிவத்தைத் தருவது பண்பாடு என்பது அவர் கொள்கை. இனத்தின் மீது சுமத்தப்பட்ட பழி இவ்வாறு இறக்கி வைக்கப்பட்டது. அவர் எழுத்துகளில் தலையாயது இதுவே என்பது என் கருத்து.

ஹாங்காங் மக்களின் தற்கொலை பற்றி 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். 1965இல், இதற்குள் பெயர் மாறியிருந்த அதே ஏட்டில், 'கோரோ' பற்றிய எட்டுப் பக்கக் கட்டுரை வந்தது. பிறப்புறுப்பு உடலுக்குள் சுருங்கி மறைய, உயிர் போய்விடும் என்னும் பேரச்சமே கோரோ. பத்தொன்பது நோயாளரை ஆராய்ந்த அவர், இதனைப் பண்பாட்டால் பிணிக்கப்பட்ட நோய்க்குறியென வகுத்தார். அத்தொடரே பின்னர் உலகெங்கும் பரவியது.

இரண்டே ஆண்டுகளில் அக்கருத்துக்கு ஒரு கடுஞ்சோதனை நேர்ந்தது. 1967 அக்டோபர் இறுதியில், தடுப்பூசி போடப்பட்ட பன்றிகளின் இறைச்சியை உண்டால் கோரோ வருமென்ற வதந்தி சிங்கப்பூரில் பரவ, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடி ஓடினர். இது உடல்நோயன்று, அச்சத்தின் விளைவே என மருத்துவர்கள் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் எடுத்துரைத்த பிறகே பீதி தணிந்தது. குவீ ஆ லெங் முதலானோர் 1969இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, உளமருத்துவ மாணவர் இன்றும் பயிலும் ஆவணமாகும்.

1971இல் யாப் மறைந்தார். அவர் கொள்கைகளைத் தொகுத்த 'ஒப்பியல் உளமருத்துவம்' 1974இல் டொரண்டோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு, பண்பாட்டால் பிணிக்கப்பட்ட நோய்க்குறிகளென ஒரு பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்தது. அமோக், லாத்தா, கோரோ மூன்றும் அதில் இருந்தன. ஆயினும், ஒப்பிடுவதற்காக யாப் உருவாக்கிய தொடர், பிறநாட்டு விந்தைகளை ஒதுக்கி வைக்கும் பெட்டகமாகிவிட்டது. மேலைநாட்டாரின் நோய்களுக்குப் பண்பாடு என ஒன்று இல்லாதது போலவும் தோன்றியது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அத்தொடரைக் கைவிட்டது. சொற்பட்டியலிலிருந்து லாத்தாவும் அமோக்கும் நீங்கின. கோரோ வேறோர் இயலுக்கு மாற்றப்பட்டது.

லாத்தா உடலின் அனிச்சைச் செயலா, சமூகம் வகுத்தளித்த பாத்திரமா என்று ரொனால்டு சைமன்ஸ், மைக்கேல் கென்னி ஆகியோர் 1970, 80களில் வாதிட்டனர். இருவரும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது 1952ஆம் ஆண்டின் அந்த ஐம்பது பக்கங்களையே.