கம்பிக்குக் கீழே இருப்பவர்கள்

எங்க அம்மாயி மூன்று நாள் குழிக்குள் உட்கார்ந்திருந்த கதையைப் பத்து வயதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். குழி என்றால் மின்கோபுரத்துக்குக் கால் நடத் தோண்டிய குழி. எம்.ஜி.ஆர். ஆட்சியின் கடைசி ஆண்டுகள் அவை. கொங்குப் பகுதியில் ஒரு காலனி, நாற்பத்தொரு வீடு, அத்தனையும் அருந்ததியர். 230 கிலோவோல்ட் கம்பிக்கு முதலில் அளவுக்கல் நட்டபோது, அது தோட்டத்துக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு வழியாகத்தான் போவதாக இருந்தது. அடுத்த மாதம் கல் இடம் மாறிவிட்டது. தோப்புக்கு முன்னால் ஒரு முடக்கு, பிறகு எங்க வளவுக்கு மேலே நேர்கோடு. யார் யாரைப் போய்ப் பார்த்தார்கள் என்று எங்களவர்களுக்குத் தெரியாது. கல் நகர்ந்தது தெரியும்.

பெண்கள்தான் குழியில் இறங்கினார்கள். ஆண்களுக்குப் பண்ணையத்தில் வாங்கிய கடன் இருந்தது, வேலைக்குப் போகாமல் முடியாது. மூன்றாம் நாள் வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வந்து குழி விளிம்பில் நின்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பட்டா இருக்கா?" அம்மாயி சொன்னது: "குடி இருக்கறோமுங்க சாமி." அன்று சாயங்காலமே போலீஸ் வேன் வந்தது. அடுத்த வாரம் கோபுரம் நின்றது.

அந்தக் கம்பிக்குக் கீழேதான் எங்க அம்மா வளர்ந்தாள். சித்திரை வெயிலில் கம்பி தொய்ந்து இறங்கும். மழை நாளில் வண்டு கூட்டில் இருப்பதுபோல இரையும். பழைய டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கம்பிக்குக் கீழே போய் நின்றால் அது மங்கலாக எரியும். வெகுகாலம் அந்த வளவில் ராத்திரியில் எரிந்த ஒரே டியூப் லைட் அதுதான். தலைக்கு மேலே இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வோல்ட், வீட்டுக்குள்ளே சிம்னி விளக்கு. குடிசைக்கு ஒரு விளக்கு இணைப்பு வந்தது பல வருசம் கழித்துத்தான். எங்க மாமன் தொகுப்பு வீட்டுக்கு எழுதிப் போட்டபோது, மேலே உயர் அழுத்தக் கம்பி போகிறது, கட்டிடத்துக்கு அனுமதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். குடிசை இருக்கலாமாம், வீடுதான் கூடாதாம்.

இந்த "பட்டா இருக்கா?" எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் 1885இல் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வருசம்தான் வெள்ளைக்காரன் இந்தியத் தந்திச் சட்டம் கொண்டுவந்தான். 1857 கலகத்தில் தன்னைக் காப்பாற்றியதில் தந்திக் கம்பிக்கும் பங்குண்டு என்பதை அவன் மறக்கவில்லை. சட்டத்தின் பத்தாம் பிரிவுப்படி யாருடைய நிலத்தின் மேலும் கம்பி இழுக்கலாம், கம்பம் நடலாம். நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதில்லை, பயன்படுத்தும் உரிமை போதும். யாராவது தடுத்தால் பதினாறாம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடுவார். அதற்குப் பிறகும் தடுத்தால் குற்றம்.

தந்திக் கம்பி மெல்லியது. அதன் பக்கத்தில் வீடு கட்டலாம், தென்னை வைக்கலாம். 1910 மின்சாரச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இந்தத் தந்தி அதிகாரத்தை அப்படியே மின்கம்பிக்குத் தூக்கிக் கொடுத்தது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவும் அதையே செய்தது. இன்று இரட்டைச் சுற்று 765 கிலோவோல்ட் கம்பிக்கு 67 மீட்டர் அகலத்துக்குப் பாதை ஒதுக்குகிறார்கள். அந்த அகலத்தில் கட்டிடம் கூடாது, உயர வளரும் மரம் கூடாது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நிலம் யாரிடமிருந்தும் எடுக்கப்படவில்லை! 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்து தந்திச் சட்டத்தை ரத்து செய்தார்கள். தந்தியே 2013இல் நின்றுபோய்விட்டது. ஆனால் மின்கம்பி இழுப்பதற்காக அந்தப் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி மட்டும் தொடர்ந்து செல்லும் என்று புதுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிணத்தைப் புதைத்துவிட்டுக் கையை மட்டும் வெளியே விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் மின்சாரத்துக்கு எதிரிகள் அல்ல. வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபரில் பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவில் அவர் பேசினார். இந்த நாட்டு மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீளத் தொழில்மயமாக வேண்டும், அதற்கு மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் வேண்டும் என்பது அவர் வாதம். மத்திய மின் தொழில்நுட்ப வாரியம் 1944இல் அமைந்ததும் அவர் காலத்தில்தான். மின்சாரம் யாருக்கு என்ற கேள்வியோடுதான் அவர் தொடங்கினார். அவர் பேரைச் சொல்லி விழா எடுக்கிற பொறியாளர் சங்கங்கள் அந்த உரையைப் படித்திருக்கின்றனவா, தெரியவில்லை.

2018 டிசம்பருக்கு வருவோம். திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்கம்பி, 1,700 கிலோமீட்டருக்கு மேல், 6,000 மெகாவாட். புகளூரிலிருந்து பிரியும் கம்பிகள் வேறு. ராய்கரில் நிலக்கரிக்காக ஆதிவாசிகளின் காட்டையும் வயலையும் பறித்ததிலிருந்து இந்தக் கதையைத் தொடங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். விவசாயிகளின் கோரிக்கை எளிமையானது: சாலையோரமாகப் புதைவடமாகக் கொண்டு போ. முடியாது என்றது அரசுத் தரப்பு. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் கம்பி 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கேரளத்தில் வடக்கஞ்சேரியிலிருந்து மாடக்கத்தரை வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அது மண்ணுக்குள்தான் போகிறது. 800 கிலோவோல்டையும் 320 கிலோவோல்டையும் ஒன்றாக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 320ஐக்கூட நம் பக்கம் புதைக்கவில்லையே, ஏன்?

நானும் இரண்டு தோழர்களும் ஒரு பந்தலுக்குப் போனோம். அவர்கள் கோரிக்கை நியாயமானது, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேநீர் பேப்பர் கப்பில் வந்தது, எல்லோருக்கும் ஒரே கப். அம்மாயி இருந்திருந்தால் சிரித்திருக்கும். மேடையில் ஏக்கருக்கு எவ்வளவு, தென்னைக்கு எவ்வளவு என்று கணக்குச் சொன்னார்கள். அந்தத் தோப்பில் தேங்காய் பறிப்பவருக்கும் மட்டை உரிப்பவருக்கும் போகிற கூலி எந்தக் கணக்கிலும் இல்லை. கம்பிக்குக் கீழே குடியிருக்கும் காலனிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் எழுந்து கேட்டேன். "அதையும் சேர்த்துக்கலாமுங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர், மரியாதையாகத்தான். தீர்மானத்தில் வரவில்லை.

அரசின் கணக்கும் இதுதான். மின்துறை அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதல் கோபுரக் கால் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். விவசாயிகள் போராடிப் பெற்றது அது. எவ்வளவு உயர்ந்தாலும் நில மதிப்பில் சதவீதம்தான். நிலம் இல்லாதவனுக்குப் பூச்சியத்தில் முப்பது சதவீதம்.

ஆச்சரியம் என்னவென்றால், வெள்ளைக்காரன் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பத்தாம் பிரிவின் கடைசியில், ஏற்படும் சேதத்துக்குத் தொடர்புடைய நபர்கள் எல்லோருக்கும் முழு இழப்பீடு என்றுதான் இருக்கிறது. பட்டாதாரர் என்ற சொல்லே அங்கே இல்லை. தொகை பற்றித் தகராறு வந்தால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். பட்டா என்று அதைப் படித்தவர்கள் நம்மூர் அதிகாரிகள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊர் எதைப் படித்துச் சொன்னதோ அதையே சேரியும் சட்டம் என்று நம்பியிருக்கிறது.

2019இல் எங்க வளவின் தெற்குப் பக்கம் இன்னொரு கம்பி வந்தது, 400 கிலோவோல்ட். கோபுரம் ஏற்றியவர்கள் வங்காளத்து மால்டாப் பக்கத்துப் பையன்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்க வீடுகளுக்குத்தான் வந்தார்கள். பாதை அகலத்துக்குள் ஒன்பது வீடுகள் விழுந்தன. இந்த முறை குழியில் இறங்கியதோடு நிற்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்து ஒன்பது பேர் பெயரில் மனு எழுதினோம். கூரை, வேப்பமரம், இனி கட்ட முடியாமல் போகும் வீடு எல்லாவற்றையும் கணக்கில் போட்டோம். புற்றுநோய் வரும் என்று எழுதலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. மின்கம்பிகளின் காந்தப்புலத்தைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் வைத்தது. 'காரணம்' என்று அது சொல்லவில்லை. நிரூபிக்க முடியாததை எழுதி, நிரூபிக்க முடிந்ததையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மனு எண் ஆகாமல் திரும்பி வந்தது. சொத்துக்கான ஆவணம் இணைக்கப்படவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தது. மறுபடி கொடுத்திருக்கிறோம். இந்த முறை ரேசன் கார்டு நகலோடு, ஒன்பது வீட்டின் ஒரு விளக்கு இணைப்பு எண்களையும் சேர்த்திருக்கிறோம். மின்சாரத் துறையே கொடுத்த எண்கள்.