சுண்ணாம்பு தடவாத கலயம்

இங்கிலாந்துல மைல்டுன்னு ஒரு கருப்பு பீர் உண்டு. 1950கள் வரைக்கும் அங்க தொழிலாளிங்க பப்ல அதிகமா குடிச்சது அதைத்தான். பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கும், பப்புக்கு வந்த பிறகும் நொதிச்சுக்கிட்டே இருக்கும். திறந்தா சில நாள்ல வித்தாகணும், இல்லைன்னா புளிச்சிடும். 1960கள்ல பெரிய கம்பெனிகள் சூடுபடுத்தி வடிகட்டின பீருக்கு மாற, இது மறைய ஆரம்பிச்சது. 1971ல நாலு பேர் காம்ரான்னு ஒரு நுகர்வோர் இயக்கம் தொடங்கினாங்க. பீப்பாய் பீர் பிழைச்சது, ஆனா கருப்பு மைல்டை இன்னைக்கும் தேடித்தான் பிடிக்கணும்.

நம்ம பக்கம் இதோட பங்காளி யாருன்னு பார்த்தா, கள்ளு தான். அதுவும் உயிருள்ள சரக்கு. காலையில இறக்கினா இனிப்பு, சாயங்காலம் போதை, மறுநாள் காடி.

விஸ்வநத்தம் பக்கம் பனைமரம் பார்க்காதவங்க இருக்க முடியாது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவினா நொதிக்காது, அது பதநீர். தடவலைன்னா அது கள்ளு, சட்டப்படி குற்றம். ஒரு விரல் சுண்ணாம்புல இருக்கு வித்தியாசம்!

இந்தக் கதைக்கும் நம்ம காமர்ஸ் பாடத்துக்கும் தொடர்பு உண்டு. 1937 அக்டோபர் 1ல ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார். கள்ளு, சாராய வருமானம் போச்சு. அந்த ஓட்டையை அடைக்க 1939ல சென்னை மாகாணத்துல பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நாம பரீட்சைக்குப் படிக்கிற ஜிஎஸ்டிக்குப் பாட்டி மாதிரி. தமாஷ் என்னன்னா, 2017ல வந்த ஜிஎஸ்டியில குடிக்கிற மது இன்னும் சேரலை :)

1971ல கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளி வெச்சார், 1974க்குள்ள அவரே திரும்பக் கொண்டு வந்தார். 1981ல எம்ஜிஆர் மறுபடி கள்ளு, சாராயக் கடைகளைத் திறந்தார். 1983ல டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1ல கள்ளும் சாராயமும் தடை. பாட்டில் சரக்கு மட்டும் தப்பிச்சது. 2003ல சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24ல அதுல அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடிக்கும் மேல.

கள்ளுல ஆல்கஹால் சுமார் 5 சதவீதம், பிராந்தியில 42.8. அப்புறம் ஏன் கள்ளுக்கு மட்டும் தடை? கலப்படம்னு சொல்றாங்க. அது பொய்யும் இல்லை, குளோரல் ஹைட்ரேட் கலந்த கள்ளு ஆந்திரா, தெலங்கானா பக்கம் நிறைய பேரைக் கெடுத்திருக்கு. ஆனா கணக்குப் பார்வையில இன்னொண்ணு தெரியுது. பாட்டிலுக்கு ஸ்டாக் எடுக்கலாம், எம்ஆர்பி போடலாம், ஆலை வாசல்லயே வரி வாங்கலாம். கள்ளுக்கு குளோசிங் ஸ்டாக்கே கிடையாது, மறுநாள் அது வேற பொருள். மரத்துக்கு மரம் ஒரு ஆலை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அதிகாரியைப் போட முடியுமா? பெரிய கம்பெனிகளுக்குப் பீப்பாய் பீர் கசந்ததும் இதே மாதிரி காரணத்தால தான்.

செய்யவே முடியாதுன்னும் இல்லை. கேரளாவுல கள்ளுக்கடைகள் உரிமத்தோட நடக்குது. யாழ்ப்பாணத்துல கூட்டுறவுச் சங்கங்கள் மூலமா பனங்கள்ளு விக்கிறாங்க.

குடி குடும்பத்தைக் கெடுக்கும்னு நம்ம தெருவுல யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கள்ளு அமிர்தம்னு நான் சொல்ல வரலை. என் கவலை ஏறுற ஆளைப் பத்தினது. பனைக்குத் தினம் ரெண்டு வேளை ஏறிப் பாளை சீவணும், வழுக்கினா உயிர் போகும். இவ்வளவு ஆபத்துக்குக் கட்டுபடியாகிற விலை பதநீர்லயும் கருப்பட்டியிலயும் கிடைக்கலைன்னா மகன் எப்படி அப்பாவோட தொழிலுக்கு வருவான்? 2021 வேளாண் பட்ஜெட்ல பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம், மரம் பிழைச்சுக்கும். இங்கிலாந்துல மைல்டு திரும்பி வந்தது, அதைக் காய்ச்சத் தெரிஞ்சவங்க மிச்சம் இருந்ததால. இங்க தடை நாளைக்கே போனாலும், பாளை சீவத் தெரிஞ்ச கை இருக்கணுமே?