ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயம்

ரங்கனதிட்டு, மைசூருக்கு வடக்கே ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரியின் நடுவில் அமைந்த பறவைகள் சரணாலயம். மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. சுமார் 40 ஏக்கரில் ஆறு திட்டுகளும் சில பாறைகளும் கொண்டது.

இந்தத் திட்டுகள் இயற்கையாக எழுந்தவை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் ஆட்சியில், ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு ஒன்று கட்டப்பட்டது. அது நீரைத் தேக்கியதால் மேட்டுநிலங்கள் மட்டும் தீவுகளாக மிஞ்சின. அவற்றில் பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் கண்ட பறவையியலாளர் சாலிம் அலி, மைசூர் அரசரிடம் எடுத்துரைக்க, 1940இல் இது சரணாலயமானது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

நீர்மருது, மூங்கில், தாழை ஆகியவை திட்டுகளில் அடர்ந்திருக்கின்றன. சுற்றிலும் நீரும் அதில் முதலைகளும் இருப்பதால் நாய், பூனை போன்றவை கூடுகளை எளிதில் நெருங்க முடிவதில்லை. சங்குவளை நாரைகள் மர உச்சியைப் பிடிக்கும். நீர்க்காகமும் வக்காவும் பெரும்பாலும் அதற்குக் கீழே கட்டும். வெயில் ஏறும்போது நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும்.

இத்தனை இனங்கள் ஓரிடத்தில் வாழ முடிவது, இரை தேடும் முறை வேறுபடுவதால்தான். சங்குவளை நாரை கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்து வைத்தபடி நடக்கும். மீன் பட்டதும் கவ்விக்கொள்ளும். கரண்டிவாயன் தட்டையான அலகால் நீரை இருபுறமும் அரித்து இரை தேடும். நத்தை குத்தி நாரை, ஓட்டுக்குள் அலகு நுனியைச் செலுத்தித் தசையை அறுத்து நத்தையை வெளியே இழுக்கும். பாம்புத்தாரா நீருக்குள் மூழ்கி மீனைக் குத்தும். பின்பு நனைந்த சிறகை வெயிலில் விரித்துக் காயவைக்கும். வக்கா பெரும்பாலும் அந்தி சாய்ந்தபிறகே கிளம்பும்.

ஆற்று ஆலா கூடு எதுவும் கட்டாமல் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடும். முட்டையின் நிறமே அதற்குக் காவல். ஆனால் நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் அந்தக் காவல் உதவாது. ஆற்றில் மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கிறது. குடகில் பெருமழை பெய்து அணை நிரம்பி மதகுகள் திறக்கப்படும்போது திட்டுகள் மூழ்கும், கரைகள் அரிக்கப்படும், தாழ்ந்த கூடுகள் அடித்துச் செல்லப்படும். படகுச் சவாரியும் நிறுத்தப்படும். ஆகவே இங்கே ஓர் ஆண்டின் இனப்பெருக்கம் அணையின் நீர்த் திறப்பையும் பொறுத்தது.

சரணாலய எல்லை கூடுகளை மட்டுமே காக்கிறது. அரிவாள் மூக்கன்களும் நத்தை குத்தி நாரைகளும் பெரிதும் இரை தேடுவது வெளியே, கால்வாய்ப் பாசன நெல்வயல்களிலும் ஏரிகளிலும்தான். அங்கே தெளிக்கும் பூச்சிக்கொல்லியும் ஏரியில் கலக்கும் கழிவுநீரும் திட்டிலுள்ள குஞ்சுகளையும் பாதிக்கக்கூடும். திட்டைக் காப்பவர்கள் வயலையும் கணக்கில் கொள்ளவேண்டும். சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஏரிகளும் பறவைகளுக்குத் தேவை. மைசூர் நகருக்குள்ளேயே குக்கரஹள்ளி, காரஞ்சி ஏரிகளில் கூழைக்கடாக்கள் மீன் பிடிப்பதைக் காணலாம். நஞ்சன்கூடு வட்டத்து ஹதினாரு ஏரிக்குக் குளிர்காலத்தில் இமயம் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. பகலில் ஏரியில் ஓய்வெடுத்து, இருட்டியபின் வயல்களில் மேய்ந்து, கோடை தொடங்கும் வேளையில் வடக்கே திரும்புகின்றன.