நிபா வைரஸ்

வௌவால்களின் சரீரத்தில் அவற்றுக்குப் பெரிய உபத்திரவம் எதுவும் செய்யாமல் குடியிருந்து, மனிதனை அடைந்தவுடன் கடுமையான மூளையழற்சியையும் சுவாசக் கோளாற்றையும் விளைவிக்கும் வைரஸ்களுள் ஒன்று நிபா. 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பந்தயக் குதிரைகளையும் அவற்றைப் பழக்கியவரையும் பலிகொண்ட ஹெண்ட்ரா வைரஸ் இதன் நெருங்கிய இனம். எபோலா வைரஸை உயிருள்ள நிலையில் எந்தக் காட்டு வௌவாலிடமிருந்தும் இன்னும் பிரித்தெடுக்க இயலாதிருக்க, நிபாவைப் பொறுத்தவரை வௌவாலிலிருந்து மனிதன் வரையுள்ள சங்கிலியின் கண்ணிகளுள் பலவற்றை விஞ்ஞானிகள் பிரத்தியட்சமாகக் கண்டு நிறுவியிருப்பதால், வௌவால்வழி நோயாராய்ச்சிக்கு இதனையே சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம்.

1998 செப்டம்பரில் மலேசியாவின் ஈப்போ நகரைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் தோன்றி, பின்னர் நெகிரி செம்பிலானுக்குப் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முடிவுகட்டிக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் குழந்தைகளை அதிகம் தாக்கவேண்டிய அந்நோய் பண்ணைகளில் உழைத்த வளர்ந்த ஆண்களையே தேடித் தாக்கியதும், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் விடாததும், பன்றிகளும் கூடவே உரக்க இருமி மடிந்ததும் அந்த முடிவுக்குப் பொருந்தவில்லை. கண்ணெதிரே இருந்த இச்சான்றுகளுக்கு உரிய மதிப்பு கிடைக்கப் பல மாதங்கள் கழிந்தன என்பது வருந்தத்தக்கது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், சுங்கை நிபா என்னும் கிராமத்து நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை உயிரணு வளர்ப்பில் இட்டபோது, அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்களையுடைய பெரும் பிண்டங்களாக மாறியதைக் கண்டார். கொசுவழி வைரஸுக்கு இந்த லட்சணம் இல்லை. அமெரிக்க ஆய்வகங்களில் ஹெண்ட்ராவுக்கான எதிர்ப்பொருள்கள் அதனோடு வினைபுரிந்ததும், இது புதியதொரு வைரஸ் என்பது தெளிவாயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் பன்றியறுக்கும் தொழிலாளர் 11 பேரைப் பற்றி ஒருவரைக் கொன்றது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

ஹெண்ட்ராவின் உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்பது முன்னரே தெரிந்திருந்தமையால் தேடல் அத்திசையில் திரும்பிற்று. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்துச் சேகரித்த சிறுநீரிலிருந்தும், அவை கடித்து எறிந்த பழத்தினின்றும் சுவாவின் குழுவினர் வைரஸைப் பிரித்தெடுத்தனர். அவ்வாறெனில் பன்றிக்கு அது சென்ற வழி யாது? நோய் தொடங்கிய பெரும்பண்ணையில் கொட்டில்களை ஒட்டி மாமரங்களையும் வளர்த்திருந்தார்கள். வௌவால் கொறித்த கனி பன்றியின் வாயருகே விழுவதற்கு வேறு ஏற்பாடு தேவையில்லை. ஒருமுறை வந்த வைரஸ் மந்தை முழுவதையும் பற்றித் தானே அடங்கியிருக்கும் என்றும், சில பன்றிகள் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த நிலையில் அது மறுபடி புகுந்ததனாலேயே நீடித்து நின்றது என்றும் பிற்கால ஆய்வு அனுமானிக்கிறது.

வங்காளத்திலோ பன்றி இடையில் வரவில்லை. 2001 முதல் வங்கதேசத்தில் பெரும்பாலான குளிர்காலங்களில் தலைகாட்டும் இந்நோய்க்கும் ஈச்ச மரச் சாற்றுக்கும் உள்ள தொடர்பை, 2005-ல் தங்காயில் மாவட்டத்தில் நிகழ்ந்த நோய்ப்பரவலின் விசாரணை வெளிப்படுத்தியது. மரத்தின் மேற்பகுதியைச் சீவிச் சட்டி கட்டி, இரவெல்லாம் சொட்டிய சாற்றை விடியற்காலையில் காய்ச்சாமலே பருகுவது அங்குள்ள வழக்கம். அகச்சிவப்புக் காமிராக்களைப் பொருத்திப் பார்த்தபோது, வௌவால்கள் சீவிய பரப்பை நக்குவதும் சிறுநீர் கழிப்பதும் படமாகப் பதிந்தன. மூங்கில் பிளாச்சால் முடைந்த தட்டியைச் சீவிய இடத்தின் மேல் கட்டினால் வௌவால் அண்டுவதில்லை. நோயாளியைப் பேணுபவருக்கும் உமிழ்நீர் வழியாக நோய் தொற்றுகிறது என்பதும் இந்நாட்டு ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

வௌவால் ஏன் நோயுறுவதில்லை என்ற வினாவுக்கு முழு விடை கிடைத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பறத்தலின் கடும் உழைப்பால் உயிரணுக்களுக்கு நேரும் சிதைவைத் தாங்கும்பொருட்டு, அழற்சியைத் தூண்டும் சில புரதங்கள் வௌவாலிடம் மந்தமாகியிருக்கின்றன என்றும், அதனால் வைரஸை ஒரேயடியாக ஒழிக்காமலும் அதனிடம் தோற்காமலும் அது காலங்கழிக்கிறது என்றும் சிங்கப்பூரிலும் சீனாவிலும் நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மனிதனிடத்தில் நிலைமை வேறு. ரத்த நாளங்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் மிகுந்துள்ள எஃப்ரின்-பி2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு வைரஸ் உட்புகுகிறது என்று 2005-ல் கண்டறிந்தமை, மூளையழற்சிக்கு ஒருவாறு காரணம் கற்பித்தது.

2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு வட்டாரத்தில் நோயுற்ற 23 பேருள் இருவரே பிழைத்தனர். முதல் நோயாளிக்கு அது வந்த வழி நிரூபணமாகவில்லையாயினும், ஏனையோர் பெரும்பாலும் மருத்துவமனைகளில் அவரிடமிருந்தும் பின்னர் பிற நோயாளிகளிடமிருந்தும் பெற்றவர்களே. அப்பகுதிப் பழந்தின்னி வௌவால்களிலும் வைரஸின் தடயத்தைப் பூனாவின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தார் கண்டனர். ஹெண்ட்ராவினின்று குதிரைகளைக் காக்கும் தடுப்பூசி 2012 முதல் ஆஸ்திரேலியாவில் புழக்கத்தில் உள்ளது. நிபாவுக்கு மனிதருக்கான தடுப்பூசிகள் பரிசோதனைக் கட்டத்திலேயே இருக்கின்றன.