வன்னிக் காடும் உடைமை உறவும்

வன்னியின் காடழிவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சேனை செய்யும் உழவனிடமிருந்தே தொடங்குகின்றனர். காட்டின்மீதான உரிமை எவ்வாறு கைமாறிற்று என்பதிலிருந்து தொடங்குவதே வரலாற்று நோக்குக்கு உகந்தது.

வன்னிக் கிராமம் என்பது குளம், அதன் கீழான வயல், இரண்டையும் சூழ்ந்த காடு ஆகிய மூன்றன் கூட்டு. மழை பொய்த்த ஆண்டில் வயல் கைவிட, சேனைக் குரக்கனும் தேனும் பாலைப்பழமும் உயிர் காத்தன. இவ்வுரிமைக்கு எழுத்து மூலமான உறுதி எதுவும் இருந்ததில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களின் நிலத் தேவையே அதன் உந்துசக்தி. கோப்பி விளையாத வன்னியும் அதற்குள் அகப்பட்டது.

இதற்கு இரண்டாண்டுகளின் பின், 1842இல், ரைன் மாநில உழவர் காட்டில் விழுந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்ட விவாதத்தை இளம் மார்க்ஸ் பத்திரிகையிற் கண்டித்தெழுதினார். பொருளியற் பிரச்சினைகளின்பால் தம்மைத் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்றென 1859இல் அவரே குறித்துள்ளார். வழக்காற்றுரிமை குற்றமாக மாறும் அதே கணத்தில் மரம் பண்டமாகிறது; ரைனுக்கும் வன்னிக்கும் பொதுவானது இதுவே.

இதனால் முற்கால வன்னியைப் பொற்காலமெனக் கருதுதல் தகாது. வன்னியர் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அவை கடல்கடந்து விற்பனையாயின. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதைப் போற்றுவோர், யானை பிடிக்கக் காட்டில் அலைந்த குடிமக்களை நினைப்பதில்லை. எனினும் யானை போயினும் காடு நின்றது. ஆங்கிலேயர் ஆட்சியிலே காடே சந்தைக்குச் சென்றது. முதிரையும் கருங்காலியும் ஐரோப்பியத் தளபாடங்களாயின. 1885இல் காடுகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1905இல் வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. குடியேற்ற அதிகாரிகளின் எழுத்துகளிலோ காட்டை அழிப்பவன் சேனை செய்பவனே.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தண்ணிமுறிப்பை நாவலுக்குள் கொணர்ந்தபோது விமர்சகர் பலர் மண்வாசனையைப் பாராட்டினர். அம்மண் யாருடையது என்ற வினாவை எழுப்பியோர் சிலரே.

போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காக மரங்களும் பனைகளும் வீழ்ந்தன. 2009இன் பின், வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் மணல் தேவைப்பட்டது. கண்டாவளைப் பகுதியின் கல்லாறு முதலிய இடங்கள் அகழப்பட்டன. ஆற்றுமணல் மாரிநீரைக் கோடைக்குப் பொத்திவைப்பது. அள்ள அள்ள அயற்கிணறுகளின் நீர்மட்டம் தாழும், கடனீரேரியை அண்டிய நிலங்களில் உவர் உட்புகும். 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரத் தேவையை அரசாங்கம் நீக்கிற்று. அந்த முடிவு நீடிக்கவில்லை. எனினும், 1840இல் உழவனிடம் உறுதி கேட்ட அரசு, 2019இல் வணிகரிடம் துண்டுச்சீட்டும் வேண்டியதில்லை என்றது. இன்று வழக்கேட்டில் ஏறுவது பெரும்பாலும் உழவு இயந்திரச் சாரதியின் பெயர். மணலை வாங்கி மாடி எழுப்புவோர் பெயர் அதில் வருவதில்லை.