ஐரிஸும் வில்லும்

புறாவின் கழுத்து, சோப்பு நுரைக் குமிழி, மழைக்குப் பின் தெருவில் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல். பார்க்கும் பக்கத்துக்கேற்ப நிறம் மாறும் இவற்றை ஆங்கிலத்தில் 'இரிடெசென்ட்' என்கிறோம். நம் பாட்டிமார் பட்டுச்சேலையைக் கையில் திருப்பிப் பார்த்து 'மயில்கழுத்து நிறம்' என்பதும் ஏறக்குறைய இதுதான், கேட்கவும் அழகாயிருக்கிறது!

ஆங்கிலச் சொல் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதன் வேர் 'ஐரிஸ்'. கிரேக்கர் வானவில்லுக்கும், வானவில் தேவதைக்கும் வைத்திருந்த பெயர் அது.

நம் லண்டனிலும் அந்தப் பெயர் ஒரு புதுப்பொருளுக்குக் கிடைத்தது. பிளாட்டினத்தை இராஜ திராவகத்தில் கரைத்தால் அடியில் ஒரு கறுப்புப் பொடி தங்கும். அதை வெறும் கிராஃபைட் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஒரு போதகரின் மகனான ஸ்மித்சன் டென்னன்ட் ஒதுக்கவில்லை. 1803-இல் அதற்குள் இரண்டு புதிய உலோகங்களைக் கண்டார். ஒன்றின் உப்புகள் பல நிறங்களைக் காட்டியதால் அதற்கு 'இரிடியம்' என்று பெயரிட்டு, 1804-இல் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். மற்றது ஆஸ்மியம், அதன் பெயர் வந்தது நாற்றத்தால்.

இதே 'ஐரிஸ்' கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் இருக்கிறது: வெளிப்படுத்தின விசேஷம் 4:3-லும் 10:1-லும். அஞ்ஞான தேவதையின் பெயர் வேதத்திலா என்று நம் வாலிபர் சிலர் திகைக்கலாம். யோவானின் நாளில் அது வானவில்லுக்கு எல்லாரும் சொன்ன சொல். சனிக்கிழமை ஜெபக்கூட்டம் என்று அறிவிக்கும் நாம் சனியை வணங்குகிறோமா என்ன?

எங்களை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. ஆதியாகமம் 9-இல் எபிரெயச் சொல் 'கெஷெத்'. யுத்தவீரன் கையிலுள்ள வில்லும் அதுவே, மேகத்தில் தோன்றும் வில்லும் அதுவே. ஜலப்பிரளயத்துக்குப் பின் தேவன் மேகத்தில் வைத்தது ஓர் ஆயுதத்தின் பெயரைக் கொண்டது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் அங்கே வில்லைக் குறிக்கும் 'டோக்சான்' என்ற சொல்லையே போட்டார்கள். யோவானோ பிரித்து எழுதுகிறார். 6:2-இல் வெள்ளைக்குதிரையின்மேல் வருகிறவன் பிடித்திருப்பது டோக்சான். சிங்காசனத்தைச் சூழ்ந்திருப்பது ஐரிஸ்.

தமிழில் 'இந்திரவில்' என்ற பழைய பெயரும் உண்டு. நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அதை எடுக்காமல், ஆதியாகமத்தில் 'வில்' என்றும் வெளிப்படுத்தலில் 'வானவில்' என்றும் வைத்தார்கள். ஆகவே எபிரெயத்தில் கேட்கும் அந்த ஆயுதத்தின் ஒலி தமிழ் வேதத்தை வாசிக்கிற பிள்ளைக்கும் கேட்கும். 'இரிடெசென்ட்' என்ற சொல்லில் அது இல்லை. 'ரெயின்போ'வில் இருந்தாலும் யார் கவனிக்கிறார்கள்?

இன்னொன்று: சிங்காசனத்தைச் சுற்றிய அந்த வானவில்லைச் சொல்லும்போது யோவான் பல நிறங்களைப் பேசவில்லை. மரகதத்தை மட்டுமே சொல்கிறார்.